சிறுநீரில் கீட்டோன்: சோதிக்கும் முறை, முடிவைப் படிக்கும் முறை, அடுத்துச் செய்ய வேண்டியவை

ஆய்வக அறிக்கையில் "கீட்டோன் ++" என்ற வரியைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் கேட்பது, "இது ஆபத்தா?" என்பதே. அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாது. நெடுநேரம் சாப்பிடாமல் இருந்த ஆரோக்கியமான ஒருவரிடம் அதே ++ பொருட்படுத்தத் தேவையில்லாத ஒன்றாக இருக்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு வாந்தியோடு சேர்ந்து வந்தால், அன்றைக்கே தீவிர சிகிச்சை தேவைப்படும் நிலையின் தொடக்கமாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுபவை மூன்று: அந்த நேரத்து இரத்தச் சர்க்கரை, உடலில் போதிய இன்சுலின் வேலை செய்கிறதா என்பது, ஆள் எப்படி இருக்கிறார் என்பது.

இன்சுலின் போடுபவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் இந்தச் சோதனையைக் கற்றுக்கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் காண்பது, தவறுகள் ஸ்ட்ரிப்பை (சிறுநீர் பட்டால் நிறம் மாறும் சோதனைப் பட்டையை) நனைப்பதில் அதிகம் நடப்பதில்லை, எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையில்தான் நடக்கின்றன என்பது. ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. கீட்டோன் ஏன் உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

உடல் முதலில் எரிபொருளாக எடுத்துக்கொள்வது சர்க்கரையை. சர்க்கரை கிடைக்காதபோதும், இரத்தத்தில் நிறைய இருந்தும் இன்சுலின் இல்லாததால் அதைச் செல்கள் பயன்படுத்த முடியாதபோதும், சேமிப்பில் உள்ள கொழுப்பு கரையத் தொடங்குகிறது. அப்படிக் கரைந்து வரும் கொழுப்பு அமிலங்களிலிருந்து கல்லீரல் அசிட்டோஅசிட்டேட், பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்னும் இரண்டு பொருள்களை உருவாக்குகிறது. அசிட்டோஅசிட்டேட்டின் ஒரு பகுதி சிதைந்து அசிட்டோனாகிறது. இம்மூன்றும் சேர்ந்தவையே கீட்டோன்கள். மூளை, இதயம், தசை ஆகியவை இவற்றை எரித்து இயங்க முடியும் என்பதால், பட்டினியின்போது கீட்டோன் உருவாவது நோயன்று; உடலின் இயல்பான ஏற்பாடு.

வேறுபாடு இன்சுலினில் இருக்கிறது. உடலில் சிறிதளவு இன்சுலின் இருந்தாலும் கொழுப்பு கரையும் வேகம் கட்டுக்குள் நிற்கும். கீட்டோனும் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. இன்சுலின் அறவே இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. முதல் இரண்டு கீட்டோன்களும் அமிலத்தன்மை கொண்டவையாகையால் இரத்தம் அமிலமாகிறது; அதிகச் சர்க்கரை சிறுநீரோடு நீரையும் உப்புகளையும் இழுத்துச் செல்கிறது; வாந்தி தொடங்கி நீரிழப்பு மேலும் கூடுகிறது. இதுவே டயாபடிக் கீட்டோஅசிடோசிஸ். சிகிச்சை தாமதமானால் உயிரைப் பறிக்கும் நிலை இது. சரியான நேரத்தில் கண்டுகொண்டால் முழுமையாக மீளக்கூடிய நிலையும் இதுதான்.

இதைப் புரிந்துகொண்டால், பின்னால் வரும் படிகள் எல்லாவற்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும். "கீட்டோன் இருக்கிறதா" என்பதைவிட "எந்தக் காரணத்தால் இருக்கிறது, உடலில் இன்சுலின் இருக்கிறதா" என்பதே நாம் தேடும் விடை.

2. யார், எப்போது சோதிக்க வேண்டும்

முதல் வகைச் சர்க்கரை நோய் (டைப் 1) உள்ள அனைவரும் வீட்டில் கீட்டோன் சோதிக்கும் வசதி வைத்திருக்க வேண்டும். இரண்டாம் வகையினருக்கு ஆபத்து குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. கடுமையான தொற்று, மாரடைப்பு, ஸ்டீராய்டு சிகிச்சை போன்ற சூழல்களில் அவர்களுக்கும் கீட்டோஅசிடோசிஸ் வருகிறது. பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரைகளை எடுப்பவர்கள் இதில் தனி வகையினர். அவர்களுக்கென 7-ஆம் பகுதியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

சோதிக்க வேண்டிய நேரங்கள் இவை: இரத்தச் சர்க்கரை 240 மில்லிகிராம்/டெசிலிட்டருக்கு மேல் ஏறி, திருத்த இன்சுலின் (ஏறிய சர்க்கரையை இறக்கக் கூடுதலாகப் போடும் இன்சுலின்) போட்டும் இறங்காமல் நிற்கும்போது; காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தொற்று என எந்த நோயாக இருந்தாலும், சர்க்கரை அளவு என்னவாக இருந்தாலும், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை; இன்சுலின் ஊசி தவறிப்போனது தெரியவந்தவுடன்; மூச்சில் பழ வாடையோ நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடையோ வரும்போது. இன்சுலின் பம்ப் (மெல்லிய குழாய் வழியே இன்சுலினைத் தொடர்ந்து உடலுக்குள் செலுத்தும் கருவி) பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பம்ப்பில் விரைவாகச் செயல்பட்டு விரைவாக மறையும் இன்சுலின் மட்டுமே இருப்பதால், குழாய் மடங்கியோ கழன்றோ போனால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும்.

எந்த அறிகுறியும் இல்லாத, சர்க்கரை நோயும் இல்லாத ஒருவர் தினமும் கீட்டோன் பார்ப்பதால் பயன் எதுவும் இல்லை. வீண் கவலைதான் மிஞ்சும்.

3. முன்கூட்டியே வைத்திருக்க வேண்டியவை

நள்ளிரவில் குழந்தை வாந்தி எடுக்கும்போது மருந்துக்கடையைத் தேடி ஓடும் நிலை வரக்கூடாது. கீட்டோன் ஸ்ட்ரிப் குப்பி, வேலை செய்யும் குளுக்கோமீட்டர், அதற்கான ஸ்ட்ரிப்கள், விநாடி காட்டும் கடிகாரம், சுத்தமான உலர்ந்த கோப்பை, குறிப்பேடு, பேனா ஆகியவற்றை ஒரே இடத்தில் வையுங்கள். இவற்றோடு, மருத்துவர் எழுதிக் கொடுத்த "நோய் நாள் திட்டம்" கட்டாயம் இருக்க வேண்டும். கீட்டோன் எவ்வளவு இருந்தால் எவ்வளவு கூடுதல் இன்சுலின் என்பதை உடல்நிலை நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவசர நேரத்தில் மனக்கணக்குப் போடுவது ஆபத்தானது.

ஸ்ட்ரிப்புக்கு ஈரம் எதிரி. குப்பி மூடியின் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருப்பதால், ஸ்ட்ரிப்களை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். ஒன்றை எடுத்தவுடன் மூடியை இறுக மூடுங்கள். குளியலறையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைக்க வேண்டாம். குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். அச்சிடப்பட்ட காலாவதித் தேதி திறக்காத குப்பிக்கு உரியது. திறந்த பிறகு ஆயுள் சுருங்கிவிடும். பல தயாரிப்புகளுக்கு அது 6 மாதம். உங்கள் குப்பியின் தாளில் என்ன குறித்திருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். பழைய குப்பியால் வரும் தீங்கு என்னவென்றால், கெட்டுப்போன ஸ்ட்ரிப் பெரும்பாலும் "இல்லை" என்றே காட்டும். கீட்டோன் இருந்தும் இல்லை என்று நம்பி நிம்மதியாகத் தூங்கப் போவதைவிட மோசமான முடிவு இந்தச் சோதனையில் இல்லை.

வாங்க முடிந்தவர்கள் விரல் நுனி இரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் மீட்டர் வாங்குவது நல்லது. காரணம் 6-ஆம் பகுதியில் வருகிறது.

4. சோதனைக்கு முன் ஆளைப் பாருங்கள்

புதியவர்கள் தவறவிடும் படி இது. ஸ்ட்ரிப்பை எடுப்பதற்கு முன் நோயாளியை ஒரு நிமிடம் கவனியுங்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடுகிறதா? மயக்கமாகவோ குழப்பமாகவோ பேசுகிறாரா? எழுப்பினால் எழ மறுக்கிறாரா? வாந்தி நிற்காமல் வருகிறதா, கடுமையான வயிற்று வலி இருக்கிறதா?

சர்க்கரை நோய் உள்ளவரிடம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கீட்டோன் சோதனைக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். அந்த ஆழ்ந்த வேகமான மூச்சு, இரத்தத்தில் சேர்ந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற உடல் செய்யும் முயற்சி; அந்தக் கட்டத்தில் ஸ்ட்ரிப்பின் நிறம் எதையும் மாற்றப்போவதில்லை. வயிற்று வலியையும் வாந்தியையும் "உணவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதையும் இழப்பவர்கள் உண்டு. குழந்தைகளிடம், அதுவும் சர்க்கரை நோய் இருப்பதே இன்னும் கண்டுபிடிக்கப்படாத குழந்தைகளிடம், இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது, எடை குறைவது ஆகியவற்றோடு ஒரு குழந்தைக்கு வாந்தி வந்தால், அன்றைக்கே இரத்தச் சர்க்கரை பார்த்தாக வேண்டும்.

5. மாதிரி எடுத்து ஸ்ட்ரிப்பைப் படிப்பது

முதலில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். கீட்டோன் முடிவு வந்த பிறகு சர்க்கரையைப் பார்க்கலாம் என்று விட்டால், நிறத்தைக் கண்ட பதற்றத்தில் அதை மறந்துவிடுவார்கள்; சர்க்கரை தெரியாத கீட்டோன் முடிவு பாதி முடிவே.

அடுத்து சிறுநீர். மூத்திரப்பையில் பல மணி நேரமாகத் தேங்கிய சிறுநீர், கடந்துபோன பல மணி நேரத்தின் கலவையைத்தான் காட்டும். இப்போதைய நிலை தெரிய வேண்டுமானால், ஒருமுறை கழித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வரும் சிறுநீரைச் சோதிப்பது மேல். அவசரமாக இருந்தால் முதலில் வருவதையே சோதியுங்கள். அரை மணி நேரம் காத்திருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதிரி புதிதாக இருக்க வேண்டும். திறந்த கோப்பையில் நெடுநேரம் வைத்தால் அசிட்டோன் ஆவியாகிவிடும், கிருமிகள் அசிட்டோஅசிட்டேட்டைச் சிதைத்துவிடும். உள்ளதைவிடக் குறைவாகவே முடிவு காட்டும்.

சோதனைக்கு முன் "சுத்தமாக வரட்டும்" என்று குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தாகத்துக்குக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் நிறைய நீர் சிறுநீரை நீர்த்துப்போகச் செய்வதால் நிறம் வெளிறித் தெரியும். உடலில் உள்ள கீட்டோன் அதனால் குறைந்துவிடாது.

ஸ்ட்ரிப்பின் சோதனைப் பகுதியை விரலால் தொடாமல் சிறுநீரில் ஒரு கணம் நனைத்து உடனே எடுங்கள். கோப்பையின் விளிம்பில் இழுத்து மிகுதியான ஈரத்தை நீக்குங்கள். நனைத்த கணத்திலிருந்து நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். கீட்டோன் மட்டும் பார்க்கும் பல ஸ்ட்ரிப்களுக்கு 15 விநாடி, பல பொருள்களைச் சேர்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்களில் கீட்டோன் கட்டத்துக்கு 40 விநாடி என்பது வழக்கம். உங்கள் குப்பியில் உள்ள நேரமே உங்களுக்குச் சரி. நிறம் தொடர்ந்து கருத்துக்கொண்டே போவதால், நேரம் கடந்து படித்தால் இல்லாத கீட்டோன் இருப்பதாகவும், முன்னதாகப் படித்தால் இருப்பது குறைவாகவும் தோன்றும்.

நல்ல வெளிச்சத்தில் ஸ்ட்ரிப்பைக் குப்பியின் வண்ண அட்டவணைக்கு அருகில் வைத்து ஒப்பிடுங்கள். வெளிர் மஞ்சள் கலந்த நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாகி, கீட்டோன் கூடக் கூட அடர் ஊதாவாக மாறும். அட்டவணைகளில் பொதுவாகக் காணும் படிகள்: இல்லை, மிகச் சிறிது (5 மில்லிகிராம்/டெசிலிட்டர்), சிறிது (15), நடுத்தரம் (40), அதிகம் (80 முதல் 160 வரை). ஆய்வக அறிக்கைகளில் 15 என்பது +, 40 என்பது ++, 80 என்பது +++ என வருவது வழக்கம். ஒரு நிறுவனத்தின் ஸ்ட்ரிப்பை இன்னொரு நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள்.

6. ஸ்ட்ரிப் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

சிறுநீர் ஸ்ட்ரிப்பில் உள்ள நைட்ரோபுருசைடு என்ற வேதிப்பொருள் அசிட்டோஅசிட்டேட்டோடு வினைபுரிந்துதான் ஊதா நிறம் வருகிறது. பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டை அது காண்பதே இல்லை. ஆனால் கீட்டோஅசிடோசிஸில் மிகுதியாக இருப்பது அதுதான். சாதாரண நிலையில் ஏறக்குறைய சமமாக இருக்கும் இவ்விரண்டும், நோய் முற்றும்போது மூன்றுக்கு ஒன்று, சில வேளைகளில் பத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூட விலகிப்போகும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, நோயாளி மோசமாக இருக்கும்போது ஸ்ட்ரிப் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே ஆள் சரியில்லாமல் இருந்தால் "மிகச் சிறிது" என்ற முடிவை நம்பி அமைதியாக இருக்கக் கூடாது. இரண்டு, சிகிச்சை தொடங்கி இன்சுலின் வேலை செய்யும்போது, பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் மீண்டும் அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால், ஆள் தேறிவரும் நேரத்தில் ஸ்ட்ரிப்பின் நிறம் சிறிது நேரம் கூடுதலாகக்கூடக் கருக்கலாம். இதைப் பார்த்துப் பதறி, தாங்களாகவே மேலும் மேலும் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும் வாய்ப்பு உண்டு.

இரத்தக் கீட்டோன் மீட்டர் நேரடியாக பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டையே அளக்கிறது. அந்த நொடியின் நிலையையும் காட்டுகிறது. அதன் அளவுகோல் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் இப்படி: 0.6-க்குக் கீழே இயல்பு, 0.6 முதல் 1.5 வரை சற்று உயர்வு, 2 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், 1.6 முதல் 2.9 வரை ஆபத்தை நோக்கிச் செல்கிறது, உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்; 3 அல்லது அதற்கு மேல் அவசர சிகிச்சை.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில சிறுநீர் ஸ்ட்ரிப் குப்பிகளிலும் மில்லிமோல் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். அங்கே "சிறிது" என்பது 1.5, "நடுத்தரம்" என்பது 4. இந்த 4-ஐ இரத்த அளவுகோலின் 4 என்று எடுத்துக்கொண்டால் நிலைமை தவறாகப் புரியும். அலகு ஒன்றாக இருந்தாலும், அளக்கப்படும் பொருளும் இடமும் வேறு. இரண்டு அளவுகோல்களையும் கலக்காதீர்கள். குறிப்பேட்டில் "சிறுநீர்" அல்லது "இரத்தம்" என்று ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்.

7. சர்க்கரையையும் கீட்டோனையும் சேர்த்துப் படிப்பது

சர்க்கரை அதிகம், கீட்டோனும் நடுத்தரம் அல்லது அதற்கு மேல். இன்சுலின் போதவில்லை என்பதற்கான தெளிவான அடையாளம் இது. சர்க்கரை நோய் உள்ளவரிடம் சிறுநீரில் ++ அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனடி மருத்துவ உதவி தேவை. நன்றாகத்தானே இருக்கிறார் என்று காலை வரை காத்திருக்க வேண்டாம். இந்த நிலை சில மணி நேரங்களில் மாறிவிடும். சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரியாத ஒருவரிடம் இந்தச் சேர்க்கை வந்தால், புதிதாகத் தொடங்கும் முதல் வகை நோயாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனை.

சர்க்கரை அதிகம், கீட்டோன் இல்லை அல்லது மிகச் சிறிது. இன்சுலின் ஓரளவு இருக்கிறது. திட்டத்தின்படி திருத்த இன்சுலின் போட்டு, நீர் அருந்தி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இரண்டையும் மறுபடி பாருங்கள். பம்ப் பயன்படுத்துபவர் இதிலும் முதலில் குழாயைச் சோதிக்க வேண்டும்.

சர்க்கரை குறைவு, கீட்டோன் இருக்கிறது. உணவு போதாததால் வந்த கீட்டோன் என்பதே பெரும்பாலும் காரணம். இன்சுலின் போடுபவராக இருந்தால், முதலில் தாழ்ந்த சர்க்கரையைச் சரிசெய்ய வேண்டும். மாவுச்சத்து உள்ளே போன பிறகுதான் கீட்டோனுக்கான இன்சுலினைப் பற்றி, மருத்துவரின் சொற்படி, யோசிக்க முடியும்.

சர்க்கரை இயல்பாக அல்லது சற்றே உயர்ந்து இருக்கிறது, கீட்டோன் அதிகம். நால்வகையில் மிகவும் ஏமாற்றுவது இது. சர்க்கரை நோய் இல்லாதவரிடம் பட்டினியோ மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறையோ காரணமாக இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் போன்ற மருந்து எடுப்பவரிடம் அப்படி எண்ணி விட்டுவிடக் கூடாது. இம்மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், உள்ளே கீட்டோஅசிடோசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதும் மீட்டரில் சர்க்கரை 250-க்குக் கீழேயே நிற்கலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015 மே மாதத்திலேயே இதைப் பற்றி எச்சரித்தது. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இம்மூன்றையும் நிறுத்த வேண்டும் என்று 2020-இல் அறிவுறுத்தியது. இம்மருந்தை எடுக்கும் ஒருவருக்கு குமட்டல், வாந்தி, வயிற்று வலி, காரணமற்ற களைப்பு, மூச்சுத் திணறல் வந்தால், சர்க்கரை நன்றாக இருக்கிறது என்பதை ஆறுதலாகக் கொள்ளாமல் கீட்டோனைப் பாருங்கள். முடிந்தால் இரத்தத்தில் பாருங்கள். உடல்நலம் சரியில்லாமல் உணவு இறங்காத நாள்களில் இந்த மாத்திரையை நிறுத்திவைப்பது பற்றியும், கடுமையான மாவுச்சத்துக் குறைப்பை இதோடு சேர்ப்பதன் ஆபத்து பற்றியும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

8. வீட்டில் சமாளிக்கும் அளவில் இருந்தால்

கீட்டோன் "சிறிது" அளவில் இருந்து, வாந்தி இல்லாமல், ஆள் தெளிவாக இருந்தால் மட்டுமே இந்தப் பகுதி பொருந்தும்.

அடிப்படை இன்சுலினை (உணவுக்காக அல்லாமல், நாள் முழுவதும் வேலை செய்யப் போடும் இன்சுலினை) நிறுத்தாதீர்கள். "சாப்பிடவே இல்லையே, இன்சுலின் எதற்கு" என்ற நியாயமான எண்ணத்தால்தான் பலர் மருத்துவமனை வரை போகிறார்கள். நோயின்போது கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்கள் கூடுவதால், சாப்பிடாமல் இருந்தாலும் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடுகிறது. உணவுக்கான இன்சுலின் மாறலாம். அடிப்படை இன்சுலின் தொடர வேண்டும்; அதன் அளவை மாற்றுவது மருத்துவரின் முடிவு.

எழுதி வாங்கிய திட்டத்தின்படி கூடுதல் இன்சுலின் போடுங்கள். பம்ப் பயன்படுத்துபவர்கள் இந்தக் கூடுதல் அளவை ஊசி அல்லது பேனா மூலம் போட்டுவிட்டு, குழாயையும் பொருத்தும் இடத்தையும் மாற்ற வேண்டும். பழுதான குழாய் வழியாகவே மறுபடி கொடுத்தால் மருந்து உள்ளே போனதா என்பது தெரியாது.

சர்க்கரை உயர்ந்திருந்தால் இனிப்பில்லாத நீராகாரமும், தாழ்ந்திருந்தால் சர்க்கரை சேர்ந்த நீராகாரமும், சிறு சிறு மிடறாக அடிக்கடி குடிக்கட்டும். நீர் மட்டும் குடித்துக் கீட்டோனைக் "கழுவிவிட" முடியாது. இன்சுலின்தான் கீட்டோன் உருவாவதை நிறுத்துகிறது. நீர், நீரிழப்பைத் தடுக்கிறது.

சர்க்கரையை இறக்க நடைப்பயிற்சி செய்யலாம் என்ற யோசனை இங்கே பொருந்தாது. போதிய இன்சுலின் இல்லாத உடல் உழைத்தால் சர்க்கரையும் கீட்டோனும் கூடவே செய்யும். ஓய்வெடுக்க வேண்டும்.

இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை, கீட்டோன் இரண்டையும் பார்த்து எழுதுங்கள். இரண்டு முறை பார்த்தும் கீட்டோன் குறையவில்லை, வாந்தி தொடங்கிவிட்டது, நீர் உள்ளே தங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சோதிக்கச் சிறுநீரே வரவில்லை என்றால், "பிறகு பார்க்கலாம்" என்று விடாதீர்கள். அது நீரிழப்பின் அடையாளம்.

9. ஸ்ட்ரிப் தவறாகக் காட்டும் சூழல்கள்

இல்லாததை இருப்பதாகக் காட்டச் செய்பவை: கேப்டோபிரில், பெனிசிலமின், என்-அசிட்டைல்சிஸ்டீன், மெஸ்னா போன்ற கந்தகம் சார்ந்த மருந்துகளும் லெவோடோபாவும், சிறுநீரின் நிறத்தையே மாற்றும் மருந்துகளும். இருப்பதை மறைப்பவை: காற்றும் ஈரமும் பட்ட ஸ்ட்ரிப், நெடுநேரம் வைத்த மாதிரி, அதிக அளவில் எடுத்த வைட்டமின் சி. எடுக்கும் மருந்துகள், சத்து மாத்திரைகள் அனைத்தின் பட்டியலையும் ஆய்வக அறிக்கையோடு மருத்துவரிடம் காட்டினால், இதுபோன்ற குழப்பங்கள் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். சந்தேகம் நீடித்தால் இரத்தக் கீட்டோன் பார்ப்பதே வழி.

10. சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம்

இரவு உணவுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல் காலையில் கொடுத்த சிறுநீரில் சிறிதளவு கீட்டோன் இருப்பதும், நெடிய உண்ணாநிலை, கடும் உடற்பயிற்சி, மாவுச்சத்தைப் பெரிதும் குறைத்த உணவுமுறை ஆகியவற்றால் கூடுதலாக இருப்பதும் எதிர்பார்க்கக்கூடியவை. இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்து, வேறு தொந்தரவு இல்லையென்றால், வழக்கமான உணவுக்குப் பிறகு மறுபடி சோதித்தால் மறைந்திருக்கும். "சிறுநீரகம் கெட்டுவிட்டதா" என்று கேட்பவர்கள் உண்டு; சிறுநீரில் கீட்டோன் தெரிவது சிறுநீரக நோயின் அடையாளம் அன்று. இரத்தத்தில் கூடியதுதான் சிறுநீரில் வெளியேறுகிறது.

கர்ப்பிணிகளிடம், கடும் வாந்தியால் உணவு தங்காதபோது கீட்டோன் வரும். ஆனால் வாந்தியின் கடுமையையோ நீரிழப்பையோ அளக்கக் கீட்டோனை நம்ப முடியாது என்பதே பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான 2024 வழிகாட்டுதலின் நிலைப்பாடு. கீட்டோன் இல்லை என்பதற்காக ஒரு கர்ப்பிணியைத் திருப்பி அனுப்புவதும், அவரே "பரவாயில்லை" என்று வீட்டில் இருந்துவிடுவதும் தவறு. நீர்கூட ஒரு நாள் முழுதும் தங்கவில்லை, சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டது, கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்றால் மருத்துவ உதவி தேவை. சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளிடம் கீட்டோஅசிடோசிஸ் வேகமாகவும், அவ்வளவாக உயராத சர்க்கரையிலும் வரக்கூடும். தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து என்பதால் அவர்களுக்கு இரத்தக் கீட்டோன் மீட்டரே பொருத்தமானது.

சிறு குழந்தைகள் பெரியவர்களைவிட மிக விரைவாகக் கீட்டோனுக்கு மாறுகிறார்கள். ஒரு வேளை உணவு தவறி, மறுநாள் காலையில் சோர்ந்து வாந்தி எடுக்கும் குழந்தையிடம் கீட்டோனோடு தாழ்ந்த சர்க்கரையும் இருக்கலாம். எனவே அங்கும் இரத்தச் சர்க்கரையே முதல் சோதனை. பிறந்து சில நாள்களேயான குழந்தையின் சிறுநீரில் கீட்டோன் இருப்பது இயல்பன்று. வளர்சிதை மாற்றக் கோளாறு உண்டா என்று மருத்துவர் ஆராய வேண்டும்.

அளவுமீறிக் குடித்து, பிறகு வாந்தியால் ஓரிரு நாள் உணவின்றி இருப்பவர்களிடம் மதுவால் வரும் கீட்டோஅசிடோசிஸ் ஏற்படலாம். சர்க்கரை தாழ்ந்தோ இயல்பாகவோ இருக்கும். பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டே மிகுந்திருப்பதால் ஸ்ட்ரிப் குறைவாகவே காட்டும். போதை தெளியட்டும் என்று விட்டுவைக்கக் கூடாத நிலை இது.

11. மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவை

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு சோதனையின் நேரம், சர்க்கரை, கீட்டோன், அது சிறுநீரா இரத்தமா என்பது, கடைசியாகப் போட்ட இன்சுலினின் பெயர், அளவு, நேரம், எத்தனை முறை வாந்தி, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், எடுக்கும் மாத்திரைகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கிளிஃப்ளோசின் வகை மருந்து எடுப்பவராக இருந்தால், சேர்க்கைப் பிரிவில் நுழைந்தவுடன் அதை முதலில் சொல்லுங்கள். சர்க்கரை இயல்பாக இருப்பதைப் பார்த்துக் கீட்டோன் சோதனை தள்ளிப்போவதை அந்த ஒரு தகவல் தடுக்கும். அங்கே இரத்தக் கீட்டோன், இரத்தத்தின் அமிலத்தன்மை, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இரத்தத்தின் பிஎச் அளவு 7.3-க்குக் கீழே, அல்லது பைகார்பனேட் லிட்டருக்கு 18 மில்லிமோலுக்குக் கீழே என்பவை கீட்டோஅசிடோசிஸை உறுதிசெய்யும் அளவுகளில் அடங்கும்.

வீடு திரும்பியதும், கீட்டோன் ஏன் ஏறியது என்பதற்கு ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்: தவறிய ஊசியா, கெட்டுப்போன இன்சுலினா, மடங்கிய குழாயா, தொற்றா, மருந்தா? வெயிலில் இருந்த அல்லது உறைந்துபோன இன்சுலின் குப்பி வீட்டில் இருந்தால் அதை அன்றே அப்புறப்படுத்துங்கள். தீர்ந்துபோன ஸ்ட்ரிப் குப்பிக்குப் பதில் புதியதை வாங்கி, திறக்கும் நாளில் மூடிமேல் தேதியை எழுதுங்கள்.